அரை கிலோ கத்திரிக்காய்

வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் அந்தச் செய்தி வரும். திங்கட்கிழமை மாறுவேடப் போட்டி. தலைப்பு, காய்கறிகள். குழந்தைகள் அவரவர் காய்க்குரிய உடையில் வந்து நான்கு வரி பேச வேண்டும். பெற்றோர் எளிமையான உடைகளையே தயார் செய்யவும். கடைசி வரியை எல்லாப் பெற்றோரும் படிப்பார்கள். ஒருவர்கூட நம்ப மாட்டார். கேரட்டையும் தக்காளியையும் முதல் இரண்டு நிமிடத்துக்குள் யாராவது பிடித்துவிடுவார்கள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த குற்றத்துக்காக உங்கள் எல்கேஜி வாரிசுக்குக் கத்திரிக்காய் ஒதுக்கப்படும்.

இடிந்துபோக வேண்டாம். பிறக்கும்போதே பச்சைக் கிரீடத்தோடு பிறக்கிற காய் அது. ‘ஐ ஆம் த கிங் ஆஃப் வெஜிடபிள்ஸ்’ என்ற வசனம் மழலையர் பள்ளி மேடைகளில் காலகாலமாகக் கத்திரிக்காய்க்கே பாத்தியப்பட்டது. சுரைக்காய் பேசினால் சபை ஏற்காது. தவிரவும் வழவழவென்று ஒரே நிறம், ஒரே வளைவு. வெண்டைக்காய் ஒதுக்கப்பட்ட வீட்டில் ஐந்து பட்டைகளை எப்படிக் கொண்டுவருவது என்று இந்நேரம் சண்டை நடந்துகொண்டிருக்கும். காலிஃபிளவர் வீட்டைப் பற்றிப் பேசாமலிருப்பதே நாகரிகம்.

வாடகைக் கடை என்று ஒரு வழி உண்டு. அங்கே தொங்கும் கத்திரிக்காய்க்குள் இதற்கு முன் எத்தனை குழந்தைகள் வியர்த்திருக்கின்றன என்பதை மூக்கு சொல்லிவிடும். மேற்கொண்டு அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வீட்டிலேயே செய்வோம் என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டதாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் மனைவியோ கணவரோ ‘ஏன், போன வருஷம் பண்ண ஹெலிகாப்டர் பத்தாதா?’ என்று கேட்டால் காதில் விழாததுபோல் இருந்துவிடவும்.

முதலில் வாங்க வேண்டியது ஃபோம் அல்ல, தராசு. சமையலறையில் வைக்கிற சிறிய எலெக்ட்ரானிக் தராசு போதும். நாலு வயதுக் குழந்தை ஏறத்தாழ 17 கிலோ இருக்கும். 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்கிறது. புத்தகத்துக்குக் கொள்கை வகுத்த அரசு கத்திரிக்காயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த ஓட்டைக்குள்தான் நாட்டின் பெற்றோரெல்லாம் புகுந்து விளையாடுகிறார்கள். ஆகவே நாமே ஒரு சட்டம் போட்டுக்கொள்வோம்: மொத்தமும் அரை கிலோவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 1954இல் வெளிவந்த முதல் காட்ஸில்லா படத்துக்காக ஜப்பானில் செய்த உடை 100 கிலோ தேறியது. அதற்குள் நின்ற ஹருவோ நகாஜிமா வயதுவந்த ஆள், அதற்காகச் சம்பளமும் வாங்கினார். உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கப்போவது ஒரு பென்சில் பாக்ஸ்.

எடை இல்லாமல் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது நம் ஊருக்குப் புதிய சிக்கல் ஒன்றுமில்லை. தஞ்சாவூர்க்காரர்கள் குளத்தோரம் வளர்கிற நெட்டியை உரித்து, அந்த வெள்ளைத் தக்கையில் கோயிலே கட்டிவிடுவார்கள். கையில் எடுத்தால் கனமே தெரியாது. அந்த வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாட்டுப் பொங்கலுக்குச் சாயம் தோய்த்த நெட்டி மாலையைக் கழுத்தில் போட்டால் மாடுகூடத் தலையை உதறாது. ஆனால் வியாழன் ராத்திரி ஒன்பதரைக்கு நெட்டிக்கு எங்கே போவது? அதன் இடத்தில் இன்று நமக்கு இருப்பவை மூன்று: தெர்மாகோல், ஸ்பாஞ்சு, ஈவிஏ ஷீட்.

தெர்மாகோல் வேண்டாம். அதன் எடைக் குறைவில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2017 ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமலிருக்க அதை மிதக்கவிட்டபோது காற்று வந்து எல்லாவற்றையும் கரைக்குத் தள்ளிவிட்டது; இதைவிடப் பெரிய அரசுச் சான்று தேவையில்லை. குறை வேறு. அது வளையாது, உடையும். உடைந்தால் வெள்ளை உருண்டைகள் வீடெங்கும் பறந்து தீபாவளி வரைக்கும் மின்விசிறி இறக்கையில் உட்கார்ந்திருக்கும். தவிர, மரவேலைக்காரர்கள் மைக்கா ஒட்டுகிற பசையை அதன் மேல் தடவினால் கண்ணெதிரே குழி விழுந்து கரையும். அந்தப் பசையில் இருக்கிற கரைப்பானுக்கு பாலிஸ்டைரீன் என்றால் அவ்வளவு பிரியம்.

உடம்புக்கு ஸ்பாஞ்சு, கிரீடத்துக்கு ஈவிஏ. ஸ்பாஞ்சு என்பது பாலியூரித்தேன் ஃபோம், சோபாவுக்குள் இருப்பது. ஈவிஏ என்பது ரப்பர்போல் தோன்றினாலும் ரப்பர் அல்லாத ஒரு பிளாஸ்டிக். நீங்கள் காலில் போட்டிருக்கும் கனமில்லாத செருப்பும், ஜிம்மில் தரையில் பதிக்கிற வண்ண மேட்டும் அந்த ஜாதிதான். ஸ்பாஞ்சு வாங்க ஆன்லைனில் தேடிப் பொழுதைக் கழிக்காமல் பைக் சீட் கவர் தைக்கிற கடைக்குப் போங்கள். உரையாடல் இப்படி நடக்கும்.

‘அண்ணே, அரை இஞ்சு ஸ்பாஞ்சு இருக்கா? முப்பத்திரெண்டு டென்சிட்டி.’

‘என்ன வண்டி சார்?’

‘வண்டி இல்லண்ணே. கத்திரிக்காய்க்கு.’

அவர் ஒரு கணம் உங்களைப் பார்ப்பார். பிறகு எதுவும் கேட்காமல் உள்ளே போய் எடுத்து வருவார். மாறுவேடப் போட்டிக் காலத்தில் அவர் கடைக்கு வரும் முதல் காய் நீங்கள் இல்லை.

முப்பத்திரெண்டு என்று அவரிடம் கெத்தாகச் சொன்னீர்களே, அதன் கணக்கு இதுதான்: ஒரு கனமீட்டர் ஸ்பாஞ்சு 32 கிலோ எடை இருக்கும். அதில் பிளாஸ்டிக் என்று பார்த்தால் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை, மிச்சமெல்லாம் காற்று. நிஜக் கத்திரிக்காயில் 92 சதவீதம் தண்ணீர். ஆக இரண்டுமே பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் உருவம் காட்டுகிறவைதான், அந்த வகையில் வேடம் ரொம்பப் பொருத்தம். நாம் செய்யப்போகிற உடலுக்கு முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவாகத்தான் ஷீட் செலவாகும். அரை இஞ்சுக் கனத்தில் அது 250 கிராம். கடைக்காரர் ‘ஒரு இஞ்சே போடுங்க சார், சும்மா கும்முனு இருக்கும்’ என்பார். கும்மென்று இருக்கும்தான். எடையும் இரட்டிப்பாகும், உஷ்ணமும் ஏறும். சிரித்துவிட்டு அரை இஞ்சையே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இனி அளவு. குழந்தையை நிற்க வைத்து அளவெடுக்கலாம் என்று சில புத்தகங்கள் சொல்லும். எழுதியவர்களுக்குக் குழந்தைகள் கிடையாது. நான்கு நொடிக்கு மேல் நிற்கிற குழந்தை தூங்குகிற குழந்தை. தோளிலிருந்து முட்டிக்கு மேல் வரை ஒரே ஒரு அளவு போதும், டிவி பார்க்கும்போது எடுத்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டுமென்றால் வீட்டில் இருக்கிற 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்து, சுற்றிலும் போர்வையைச் சுற்றிக்கொள்ளுங்கள். அது அசையாது, சிணுங்காது, ‘ப்பா, முடிஞ்சுதா?’ என்று கேட்காது.

உருண்டை உடம்பைத் தட்டையான ஷீட்டில் கொண்டுவருவதற்கு ஆறு சுளை வெட்ட வேண்டும். ஒவ்வொரு சுளையும் 60 சென்டிமீட்டர் உயரம். மேலே 10 அகலம், கீழே 13, மூன்றில் இரண்டு பங்கு இறங்கிய இடத்தில் 20. இந்தப் புள்ளிகளை ஸ்கேல் வைத்து நேர்கோட்டில் இணைக்கிறவர்கள் பொறியாளர்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஆறு பட்டை வைத்த குப்பைத் தொட்டி. கோட்டை வளைத்து இழுத்தால்தான் தொப்பை வரும். ஒரு சுளையைச் சார்ட் பேப்பரில் வரைந்து, நடுவில் மடித்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டி, அதையே வைத்து ஆறையும் ஸ்கெட்ச் பேனாவால் ஸ்பாஞ்சில் வரைந்துகொள்ளுங்கள்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் ஆகாது; ஸ்பாஞ்சை நசுக்கிக்கொண்டு கத்தரிக்கும், ஓரம் சாய்ந்துவிடும். கட்டர்தான். ஒசாகாவில் யோஷியோ ஒகாடா என்பவர், சாக்லேட் பாளத்தைக் கோடு போட்ட இடத்தில் உடைப்பதுபோல் பிளேடையும் உடைத்துக்கொண்டே போகலாமே என்று யோசித்து 1956இல் இந்தக் கட்டரைக் கண்டுபிடித்தார். முனை மழுங்கினால் ஒரு துண்டை உடைத்துப் போட்டுவிட்டுப் புது முனையால் வெட்ட வேண்டும் என்பதே அந்தக் கருவியின் முழுத் தத்துவம். நம் வீடுகளில் யாரும் அதை உடைப்பதில்லை. கல்யாணத்தின்போது வாங்கிய கட்டரில் முதல் துண்டே இன்னும் துருப்பிடித்தபடி இருக்கும். தாராளமாக உடைக்கலாம், உடைத்த துண்டைக் கையோடு ஒரு டப்பாவில் போட்டு மூடி அப்புறப்படுத்துங்கள். பிளேடை நிமிர்த்திப் பிடித்து ஒரே இழுப்பாக இழுங்கள். ரொட்டி அறுப்பதுபோல் முன்னும் பின்னும் அறுத்தால் ஓரம் எலி கொறித்த மாதிரி வரும்.

ஒட்டும் படலத்துக்கு வருவோம். தம்பதிகளின் பொறுமை வெளிப்படும் இடம் இதுதான். ஸ்பாஞ்சுக்கும் ஈவிஏவுக்கும் சரியான பசை மைக்கா ஒட்டுகிற அதே மஞ்சள் பசை. ஃபெவிகால் எஸ்ஆர் என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் கொடுப்பார்கள். வெள்ளை ஃபெவிகாலைத் தடவிவிட்டு மறுநாள் காலை வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. அது காய்வதற்குள் கத்திரிக்காய் முற்றிவிடும். மஞ்சள் பசையின் குணம் வேறு. ஒட்ட வேண்டிய இரண்டு ஓரத்திலும் மெல்லிசாகத் தடவ வேண்டும். தடவியதும் ஒட்டக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். விரல் நுனியால் தொட்டால் பிசுபிசுப்பு இருக்கும், ஆனால் கையோடு வராது. அந்தப் பதத்தில் ஓரத்தோடு ஓரம் வைத்து அழுத்தினால் அந்த நொடியே பிடித்துக்கொள்ளும். பிடித்தது பிடித்ததுதான். ‘கொஞ்சம் மேல ஏத்து’ என்று சொல்வதற்கெல்லாம் அவகாசம் கிடையாது. பிய்த்தால் ஸ்பாஞ்சு பிய்யுமே தவிரப் பசை விடாது. ஆகவே முதலில் இரண்டு முனைகளையும் சேருங்கள், பிறகு நடுப்புள்ளி, பிறகு இடையில் மிஞ்சியதைக் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். வளைந்த இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு தட்டை ஷீட் தானாக உப்பி எழுவதைப் பார்க்கும்போது உங்களுக்கு ஒரு கர்வம் வரும். வரட்டும். இந்த வேலையில் நியாயமாகக் கிடைக்கிற ஒரே கர்வம் அது.

அந்தப் பத்து நிமிடம் சும்மா இருப்பதுதான் யாராலும் முடியாதது. ஒருவர் தடவியதும் இன்னொருவர் ஒட்டிப் பார்ப்பார், ஒட்டாது. ‘பசை பழசு’ என்று தீர்ப்பு வரும். இன்னும் கொஞ்சம் தடவப்படும். இதற்குத்தான் மொட்டை மாடிக்குப் போகச் சொல்கிறேன். அங்கே காற்றோட்டம் இருக்கும்; அந்தப் பசையின் ஆவியை மூடிய அறைக்குள் சுவாசிப்பது தலைசுற்றலில் கொண்டுபோய் விடும், பக்கத்தில் நெருப்பும் ஆகாது. தடவிவிட்டுக் கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். காய்வதற்கும் காபிக்கும் நேரம் சரியாக இருக்கும். குழந்தையை அந்தப் பக்கமே விடக் கூடாது. விட்டால் அரை இஞ்சு ஸ்பாஞ்சில் ஒரு உள்ளங்கை நிரந்தரமாகப் பதியும்.

ஆறு சுளைக்கு ஆறு மூட்டு. ஆறையும் ஒட்டிவிட்டால் கத்திரிக்காய் தயார், ஆனால் குழந்தை வெளியே நிற்கும். நடு முதுகில் வருகிற மூட்டை ஒட்டாமல் விட்டு வெல்க்ரோ வையுங்கள். முன்பக்கம் வலத்திலும் இடத்திலும் வருகிற இரண்டு மூட்டுகளில் மேலே 15 சென்டிமீட்டரை ஒட்டாமல் விட்டால் அதுவே கை வழி. விலாவுக்கு நேராகத் தனி ஓட்டை போடாதீர்கள். கை சற்று முன்பக்கமாக வெளியே வந்தால்தான் குழந்தை தன் மூக்கைத் தொட முடியும். மேடையேறும் ஒவ்வொரு குழந்தைக்கும் சரியாக ‘குட் மார்னிங்’ சொல்லும்போது மூக்கு அரிக்கும் என்பது இயற்கை விதி. கை எட்டாத கத்திரிக்காய் என்ன செய்யும் தெரியுமா? மைக்கில் தேய்த்துக்கொள்ளும்.

நிறத்துக்கு ஸ்ப்ரே பெயின்ட் வாங்கப் போகிறீர்கள் என்று தெரியும். போகாதீர்கள். ஸ்பாஞ்சு டின் டின்னாகக் குடிக்கும், காய்ந்ததும் விறைக்கும், உட்கார்ந்தால் வெடிக்கும். கத்திரிப்பூ நிறத்தில் பனியன் துணி ஒரு மீட்டர் வாங்கி மேலே உறைபோல் இழுத்து மாட்டி ஓரத்தைத் தைத்துவிட்டால் போதும். இழுபடுகிற துணி என்பதால் உங்கள் மூட்டுகளின் லட்சணமும் மறையும். துணி 110 கிராம் பக்கம் வரும். கிரீடம் ஐந்து மில்லிமீட்டர் பச்சை ஈவிஏவில். ஷீட்டே பச்சையாகக் கிடைப்பதால் நிறமடிக்கும் வேலை இல்லை. ஐந்து இதழ் வெட்டி ஹேர் டிரையரை நெருக்கமாகக் காட்டினால் இளகும். விரலால் வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் அந்த வளைவு அப்படியே நிற்கும். கேஸ் அடுப்பில் காட்டுகிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் வீட்டுக் கிரீடத்தில் ஒரு இதழ் எப்போதும் கருப்பாக இருக்கும்.

இப்போது தராசில் வையுங்கள். ஸ்பாஞ்சு 250, கிரீடம் 75, துணி 110, பசை 50, வெல்க்ரோவும் தோள்பட்டையும் 40. ஆக 525 கிராம். தோள்பட்டை என்றேனே, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பொய்க்கால் குதிரை ஆடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பில் குதிரை இருப்பதுபோல் தெரியும், பாரம் முழுக்கத் தோளிலிருந்து தொங்கும். அதனால்தான் சுழன்று ஆட முடிகிறது. அதே போல் இரண்டு விரற்கடை அகலத்தில் துணிப் பட்டை இரண்டை உள்பக்கம் தைத்துத் தோளில் மாட்டுங்கள். உடம்புக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி நிற்கும். கீழே நுழைகிற காற்று கழுத்து வழியாக வெளியேறும். இந்த இடைவெளி சொகுசுக்காக அல்ல. உங்கள் குளிர்பெட்டியின் சுவருக்குள் குளிர் வெளியே போகாமல் தடுத்துக்கொண்டிருப்பதும் பாலியூரித்தேன் ஃபோம்தான். அதன் உறவினரைச் சென்னை வெயிலில் ஒரு குழந்தைக்குப் போர்த்துகிறீர்கள். இந்தப் பக்கம் உள்ளே இருப்பது சூடு. அதே காரணத்துக்காக முகத்தை மூடுகிற முகமூடி கூடவே கூடாது. முகம் வெளியே, கிரீடம் தலையில், அவ்வளவுதான் வேடம்.

சனிக்கிழமை சாயங்காலம் இந்த நிலையில் விட்டுவிட்டால் நீங்கள் மகான். யாரும் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை உறவினர்கள் வருவார்கள்.

அப்பாவுக்குத் திடீரென்று, தொப்பை அமுங்கிவிடுமோ என்று கவலை பிறக்கும். உள்ளே கட்டுக்கம்பியில் ஒரு சட்டகம் கொடுப்பார், 300 கிராம். அம்மா ‘ரொம்ப டல்லா இருக்கு’ என்று சம்கியும் ஜிகினாவும் பதிப்பார்; 100. சித்தப்பா ஐடி கம்பெனி. கிரீடம் மின்ன வேண்டாமா என்று எல்இடி சரமும் பவர் பேங்க்கும் கொண்டு வருவார், 250. ராஜா என்றால் கையில் செங்கோல் வேண்டும் என்பது தாத்தாவின் கட்சி. பழைய திரைச்சீலைக் கம்பி ஒன்று ஜரிகைத்தாள் சுற்றிக்கொண்டு வரும், 300. அத்தை சும்மா இருப்பாளா? ‘ஈட் மீ டெய்லி’ என்று முதுகில் ஒரு அட்டைப் பலகை, 200. இவை எல்லாவற்றையும் நிறுத்திப் பிடிக்க குளூ கன்னில் பத்துக் குச்சி உருகும். ஒரு குச்சி 20 கிராம் வீதம் 200. இதற்கிடையில் வேலூர்க்காரப் பெரியப்பா போனில் வருவார். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கும்போது முள் இல்லாமல் கத்திரிக்காயா என்பார். அவருக்கு மட்டும் சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். கிரீடத்தில் முள் வைத்தால் வரிசையில் முன்னால் நிற்கும் தக்காளியின் முதுகு என்னாவது?

மறுபடி தராசு. ஒரு கிலோ 875 கிராம். பள்ளிப் பைக்கு அரசு விதித்த 10 சதவீத வரம்பைக் கத்திரிக்காய் தாண்டிவிட்டது. ஃபோம் அதே 250 கிராமில்தான் நிற்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். சித்தப்பாவின் பவர் பேங்க்கிலிருந்து ஆரம்பிக்கலாம், அவர் சின்னவர், தாங்குவார். கம்பியைக் கழற்றும்போது ஒன்று கவனியுங்கள்: தொப்பை அமுங்கினால் ஸ்பாஞ்சு தானே எழுந்துவிடும், அதற்குத்தான் அது ஸ்பாஞ்சு. கம்பி அமுங்கினால் அமுங்கியதுதான். தாத்தாவின் செங்கோலை மட்டும் எடுக்க வேண்டாம், போட்டி முடியும் வரை அவர் கையிலேயே இருக்கட்டும். பாதுகாப்பாக இருக்கும் என்று சொன்னால் நம்புவார்.

வசனத்திலும் இதே வியாதி. பள்ளி கேட்டது நான்கு வரி: நான் கத்திரிக்காய், என் நிறம் ஊதா, நான் காய்களின் ராஜா, நன்றி. ஞாயிறு ராத்திரிக்குள் அதில் சொலானம் மெலாஞ்ஜெனா என்ற தாவரவியல் பெயர் சேர்ந்திருக்கும். 2010 பிப்ரவரி 9ஆம் தேதி மரபணு மாற்றிய கத்திரிக்காயைச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்த வரலாறும் சேர்ந்திருக்கும். எல்கேஜி குழந்தை அதை ஒப்பிக்கும்போது நடுவரான ஆசிரியை தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். குழந்தைக்கு ‘மெலாஞ்ஜெனா’ வராது. ‘மெல்ல ஞானா’ என்று வரும். பக்கத்து வகுப்பு ஞானா எழுந்து நிற்பான். நான்கு வரியே போதும். அதிலும் மூன்றாவது வரியைக் கை தூக்கிச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள், மீதி மூன்றை மறந்தாலும் கைதட்டல் உறுதி.

திங்கட்கிழமை காலை எப்படிக் கொண்டுபோவது? வீட்டிலேயே மாட்டி ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தாதீர்கள். 120 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு ஒரு காய் முன்னால் நின்றால் ஓட்டுகிறவருக்குத் தெரிவது காய் மட்டுமே; மேம்பாலத்தில் ஏறினால் காற்று வேறு வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். முதுகு வெல்க்ரோவைப் பிரித்தால் உடல் விரிந்துகொள்ளும். சுருட்டி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளலாம். கம்பி போடாததன் அடுத்த லாபம் இது. பள்ளியில் போய் மாட்டுங்கள், அதுவும் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால். ஒன்பது மணிப் போட்டி பதினொன்றரைக்குத்தான் தொடங்கும். அதுவரை குழந்தை வெறும் பனியன் கால்சட்டையில் விளையாடட்டும். வரிசையில் தரையில் உட்கார வேண்டியிருந்தால் உடை முட்டிக்கு மேலேயே முடிவதால் உட்காரும். ‘ஒன்னுக்கு’ என்று காதோரம் சொல்லப்படும் வார்த்தைக்கு வெல்க்ரோ பத்து நொடியில் பிரியும். பின்பக்கம் ஊக்கு குத்திக்கொண்டு வந்த முட்டைகோஸின் தாய் உங்களைப் பொறாமையோடு பார்ப்பார்.

விளையாட்டில்லாமல் ஒன்று. மேடையின் ஓரத்தில் விழா தொடங்கும்போது ஏற்றிய குத்துவிளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஸ்பாஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும், அதிலிருந்து எழுகிற கரும்புகையும் நச்சு. சாதாரணச் சட்டையில் வருகிற குழந்தைக்குத் தன் அகலம் தெரியும். கத்திரிக்காய்க்குத் தன் அகலம் தெரியாது. போட்டி தொடங்குமுன் விளக்கைத் தள்ளி வைக்கச் சொல்லி ஆசிரியையிடம் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் நீங்களே போய் விளக்குக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நில்லுங்கள். வீடியோ எடுக்கிற பெற்றோர் எல்லாரும் திட்டுவார்கள். திட்டட்டும்.

பரிசைப் பற்றி என்னால் உத்தரவாதம் தர முடியாது. பெரும்பாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி பென்சில் பாக்ஸ் கொடுத்துவிடுவார்கள். குழந்தைகள் அதோடு திருப்தியாகிவிடும், பெற்றோர்தான் படிக்கட்டில் நின்று நடுவரின் தகுதியை ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஃபோம் மக்காது, ஆகவே குப்பையில் போடாதீர்கள். துணி உறையைக் கழற்றித் துவைத்து, ஸ்பாஞ்சைச் சுருட்டிப் பரணில் வையுங்கள். அடுத்த வருடம் தலைப்பு பழங்கள் என்று வந்தால் கிரீடத்தைக் கழற்றிவிட்டு நாவல்பழம். சமூக உதவியாளர்கள் என்று வந்தால் அந்த ஆறு சுளையையும் வெட்டிப் பிரித்து அட்டகாசமான ஒரு தபால்காரப் பை செய்யலாம், எடை இல்லாமல். மாடி வீட்டுக்காரர் தம் பெண்ணுக்கு உடையை இரவல் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். கட்டரையும் கொடுக்கலாம். குளூ கன்னை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருப்பார்.